வேலு ஜெயித்துக்கொண்டிருக்கிறான்

சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும், கன்னம் வலித்தாலும், ஏனென்றால் அந்தக் கேமரா பையன் ஒவ்வொரு முறை வேலு ஜெயிக்கும்போதும் என் பக்கம் திரும்புகிறான், மனைவியின் முகம் வேண்டுமாம் அவனுக்கு, மனைவி கண்ணீர் விட்டால் இன்னும் நல்லது, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கிற கூட்டத்தில் நான் ஒருத்திதான் புடவை, தேடவே வேண்டாம். ஒன்பதும் நாலும் வைத்துக்கொண்டு ஆட்டத்துக்குள் போயிருக்கிறான் இப்போது, சீட்டைத் திருப்பியதும் தெரிந்தது. ஒன்பதும் நாலும். கையில் வரும் இரண்டு சீட்டில் அதைவிட மோசமானது ரொம்பக் குறைவு, வந்ததும் தூக்கிப் போட வேண்டும், முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்தேன், டைனிங் டேபிளில், பந்தயம் கட்டுகிற சிப்ஸ் வில்லைகளுக்குப் பதிலாகக் கொண்டைக்கடலையை அடுக்கி வைத்துக்கொண்டு, வெளியே போலீஸ் ஜீப் யாரும் வீட்டை விட்டு வராதீர்கள் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே போன அந்த மாதங்களில். தூக்கிப் போடு வேலு. அவன் போடவில்லை, மேஜை நடுவில் பொதுவாக விரிக்கிற ஐந்து சீட்டில் இன்னொரு ஒன்பது வந்தது, பிறகு ஒரு நாலு வந்தது, எதிரே உட்கார்ந்திருந்த டெல்லிக்காரர் எழுந்து கை கொடுத்துவிட்டுப் போய்விட்டார், அந்தப் பெரியவர் இருபது வருடமாக ஆடுகிறவர். ஒன்பது பேரோடு மதியம் தொடங்கிய கடைசி மேஜையில் இப்போது இரண்டே பேர். மைக்காரன் கத்துகிறான், கோலண்டாய்வேல் என்கிறான், குழந்தைவேல் என்ற பெயர் அவன் வாய்க்குள் நுழையவில்லை, காந்திபுரத்தில் பம்ப்செட் கடை வைத்திருக்கிற குழந்தைவேல், என் புருஷன், இந்தியாவெங்கும் இருந்து போக்கர் ஆட வந்த நானூறு சொச்சம் பேரில் கடைசி இருவரில் ஒருவன். சிரி பூங்கொடி, கேமரா வருகிறது.

நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். இருக்கிறேனா? நெஞ்சுக்குக் கீழே ஏதோ ஒன்று வெறும் வயிற்றில் குடித்த காப்பி மாதிரி எரிகிறது, இதற்குப் பெயர் சந்தோஷம் என்றால் சந்தோஷம்தான். ஏழு வருடம். காலேஜில் புள்ளியியல் பாடம் எடுத்துவிட்டு வந்து, சமைத்து, பாப்புவைத் தூங்க வைத்து, அதற்கப்புறம் லேப்டாப்பைத் திறந்து முன்பின் தெரியாதவர்களோடு ஆடி ஆடி, தோற்ற ஆட்டத்தை எல்லாம் மறுபடி எடுத்துப் பார்த்து, எந்தச் சீட்டுக்கு எத்தனை சதவிகிதம் என்று தூக்கத்திலும் சொல்கிற அளவுக்கு வந்தது நான். அவன் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். கோவா வரைக்கும் தனியாகவா போவே, நானும் வரேன், பையைத் தூக்கறதுக்கு ஆள் வேண்டாமா என்று வந்தவன். வந்த இடத்தில் சும்மா உட்கார முடியாமல் ஒரு சின்ன ஆட்டத்தில் உட்கார்ந்தான், அதில் ஜெயித்தால் பெரிய போட்டிக்குள் இலவச இடம், ஜெயித்துவிட்டான், பூவு நானும் உள்ளே வந்துட்டேன் என்று ஓடி வந்து சொன்னான், நான் கட்டிப் பிடித்துக்கொண்டேன், அன்றைக்கு அது உண்மை. அன்றைக்கு எனக்கு எரியவில்லை. நேற்று மத்தியானம்தான் தொடங்கியது. கையில் இரண்டு ஏஸ், இதற்கு மேல் நல்ல சீட்டே கிடையாது, எதிரே ஒரு காலேஜ் பையன் இரண்டு ஏழு வைத்துக்கொண்டு மொத்த சிப்ஸையும் தள்ளினான், நானும் தள்ளினேன், ஐந்தில் நாலு பங்கு ஜெயம் என்னுடையது, கடைசி சீட்டு ஏழு. ஒன்றும் தப்புச் செய்யவில்லை நான். ஒன்றும் தப்புச் செய்யாமல் எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளி வைத்துவிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்த வேலு பாதி எழுந்து, ஐயோ பூவு என்றான், அந்த ஐயோவில் நிஜமான வருத்தம் இருந்தது, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மதியம் ஒரு பெண் மைக்கோடு வந்து அவனைக் கேட்டாள், உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று. இதோ என் வீட்டம்மாதான், அவங்கதான் எனக்கு வாத்தியார், நான் பெயில் ஆகாம இருந்தா சரி என்றான், எல்லாரும் சிரித்தார்கள், அப்புறம் என் பக்கம் திரும்பிக் கை தட்டினார்கள். அவன் மறந்திருக்கலாம். நான் யார் என்றே சொல்லாமல் இருந்திருக்கலாம், அப்போது கோபப்பட்டிருப்பேன், கோபம் சுத்தமான விஷயம், கோபத்தோடு நிமிர்ந்து நிற்கலாம். இப்படிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது. அந்தக் கை தட்டல் இன்னும் முதுகில் எறும்பு மாதிரி ஊர்கிறது. ஊருக்குப் போனால் அத்தை சொல்வாள், எம்பையனுக்குச் சின்ன வயசுல இருந்தே கை ராசி என்று. எங்கள் துறைத் தலைவர் கேட்பார், மேடம், சார் சாம்பியனாமே, நீங்களும் ஆடுவீங்களா. நீங்களும். அந்த 'உம்' என்கிற ஒட்டு. நீங்களும் ஆடுவீங்களா, ஆமாம் சார், நானும் கொஞ்சம் ஆடுவேன். இனிமேல் லேப்டாப்பைத் திறந்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்ப்பான், இதைத் தூக்கிப் போடு பூவு என்பான், சாம்பியன் சொல்கிறான் என்று நான் கேட்க வேண்டும். தோற்றுவிடேன் வேலு. இதை யார் நினைத்தது. நான்தான் நினைத்தேன், தெளிவாக, வாக்கியமாக, முற்றுப்புள்ளியோடு. கேமராவுக்கு நெஞ்சுக்குள் தெரியாதே, நல்லவேளை.

இடைவேளை என்றார்கள். ஒவ்வொரு இடைவேளையிலும் நேராக என்னிடம் வந்து என்ன பண்ணட்டும் என்று கேட்பான், நான் சொல்வதில் பாதியை மறந்துவிட்டுப் போவான். இந்த முறை வரவில்லை. மைக் பெண், கேமரா பையன், செல்ஃபி எடுக்க வந்த நாலு பேர், எல்லாரும் சுற்றிக்கொண்டார்கள், அவன் தலை மட்டும் தெரிந்தது, அந்த வழுக்கை தொடங்குகிற இடம், நான் மருந்து தடவுகிற இடம். கையைத் தூக்கினேன். அவன் பார்க்கவில்லை. தூக்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் முடியைச் சரி செய்துகொண்டேன். பிறகு கனமான அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு மேல்தளத்துக்குப் போய்விட்டேன். உள்ளே ஜன்னல் கிடையாது, கடிகாரம் கிடையாது, இது கப்பல் என்பதே மறந்துபோகும், வெளியே வந்தால் வெயில் கண்ணில் அறைகிறது, மாண்டவி ஆறு பழுப்பாக ஓடுகிறது, இரும்புத் தாது ஏற்றிய நீளமான படகு ஒன்று தண்ணீருக்குள் அமுங்கியது போல மெதுவாகப் போகிறது, அக்கரையில் பனாஜி சாதாரணமாக இருக்கிறது, ஸ்கூட்டரில் யாரோ தேங்காய் கொண்டுபோகிறார்கள். கம்பியைப் பிடித்தேன், சுட்டது, விடாமல் பிடித்துக்கொண்டேன்.

கைலாஷ் அங்கே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். வேலுவுக்கு எதிரே மிச்சம் இருக்கிறவன் அவன்தான், சென்னைப் பையன், முப்பது கூட இருக்காது, இதையே தொழிலாகச் செய்கிறவன், இணையத்தில் எத்தனையோ முறை அவனோடு ஆடியிருக்கிறேன், இரண்டு முறை ஜெயித்திருக்கிறேன், அவன் ஆட்டத்தில் ஒரு பிசிறு இருக்காது. என்னைப் பார்த்ததும் சிகரெட்டைக் கீழே இறக்கினான். "நேத்து உங்க கடைசி ஆட்டத்தைப் பார்த்தேன் மேடம்" என்றான். "நீங்க செஞ்சதுல ஒரு தப்பும் இல்ல. நானா இருந்தாலும் அதேதான் செஞ்சிருப்பேன்." நான் ஆற்றைப் பார்த்தேன். "எனக்கு எதிர்ல அந்தச் சேர்ல நீங்கதான் உட்கார்ந்திருக்கணும். சும்மா சொல்லல." நேற்றிலிருந்து யாராவது இதைச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறேன், இவன் சொன்ன பிறகுதான் தெரிகிறது, வேலு சொல்லவில்லை, வேலு ஐயோ என்றான், வேலு ராத்திரி ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான், தப்பு இல்லை என்று சொல்ல அவனுக்குத் தெரியவில்லை, தெரிகிற அளவுக்கு அவனுக்கு ஆட்டம் தெரியாது. "அண்ணனைத்தான் என்னால படிக்க முடியல" என்றான் கைலாஷ். "வாயே மூட மாட்டேங்கறாரு. கதை சொல்றாரு, பம்ப்செட் பத்திப் பேசறாரு. நல்ல சீட்டு இருந்தாலும் பேச்சு, இல்லாட்டியும் பேச்சு. ஒரே சத்தமா இருக்கு."

சத்தம் இல்லை அது. பதினாறு வருடம் கேட்டவளுக்குத் தெரியும். வேலு யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் தலைவரே, டீக்கடைக்காரர் மாமா, நான் பூவு, கோபம் வந்தாலும் பூவுதான். பொய் சொல்லும்போது மட்டும் பெயர் வரும். முழுப் பெயர், மரியாதையாக, மெதுவாக. முதல் முறை அதை நான் கேட்டது ஃபோனில். சென்னையில் பேப்பர் திருத்தப் போயிருந்தேன், அப்பாவைக் கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தது, நெஞ்சு வலி, சின்னதுதான் என்றார்கள். சாயங்காலம் வேலு கூப்பிட்டான். பூங்கொடி, மாமா நல்லாத்தான் இருக்காரு, இப்பத்தான் தோசை வேணும்னு கேட்டாரு, நீ அவசரப்படாம ரயில் ஏறி வா என்றான். நான் ரயில் ஏறினேன், ஜோலார்பேட்டையில் டீ குடித்தேன், நன்றாகத் தூங்கினேன். அவன் ஃபோன் செய்தபோது அப்பா போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தோசை என்று எப்படித் தோன்றியது உனக்கு என்று அப்புறம் ஒருநாள் கேட்டேன், தெரியல பூவு, வாயில வந்துச்சு என்றான். அந்தப் பொய்யை நான் அவன் கொடுத்த நகையை விடப் பத்திரமாக வைத்திருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை. அவனிடமே சொன்னதில்லை, பெயர் சொன்னால் பொய் என்று தெரியும் எனக்கு என்று.

"உங்களை அவர் எப்படிக் கூப்பிடறார்?" என்றேன். என் குரல்தான். "தலைவரேன்னு" என்றான் கைலாஷ், சிரித்தான். "எப்பவுமேவா?" என்றேன். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. கைலாஷின் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது, கண் மட்டும் உள்ளே போனது, ஆடுகிறவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான், ஆடிய ஒவ்வொரு ஆட்டமும் எங்கோ இருக்கும், தேடி எடுப்பார்கள். "இல்ல" என்றான். "ஒரே ஒரு தடவை பேர் சொன்னாரு. நான் ராணி ஜோடியைத் தூக்கிப் போட்டேனே. அப்புறம் திருப்பிக் காட்டினாரு, கையில ஒண்ணுமே..." நிறுத்தினான். சிகரெட்டை அணைத்தான், பாதிதான் எரிந்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல், "வரேன் மேடம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். தாது ஏற்றிய படகு பாலத்துக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டேன். கேள்வி கேட்பது சொல்வது ஆகாது. வகுப்பில் அப்படித்தான் செய்வேன், விடையைச் சொல்ல மாட்டேன், ஒரு கேள்வி கேட்பேன், பிள்ளைகளாகவே கண்டுபிடிப்பார்கள், நல்ல வாத்தியார் என்று பெயர் எனக்கு. உள்ளங்கையில் கம்பி சுட்ட சிவப்பு. ஓடிப் போய் வேலுவிடம் சொல்லிவிடலாமா, பெயர் சொல்லாதே என்று, எதற்கு என்று கேட்பான், எப்படித் தெரியும் என்று கேட்பான், கதவைத் தள்ளி உள்ளே போனபோது இருவரும் உட்கார்ந்தாகிவிட்டது, கயிறு கட்டியாகிவிட்டது, ஆடுகிறவரோடு பேசக் கூடாது.

முதல் சில ஆட்டங்களில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வேலு ஒரு பெரிய அடுக்கைத் தள்ளினான், "பார்த்துக்கங்க தலைவரே, கோயம்புத்தூர் தண்ணி சில்லுனு இருக்கும், மோட்டார் ஸ்ட்ராங்" என்றான். கைலாஷ் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டான். கூட்டம் கை தட்டியது, வேலுவின் கண் தேடி வந்து என்னைக் கண்டுபிடித்தது, பெருவிரலைக் காட்டினான். நானும் காட்டினேன். எனக்கு மட்டும்தான் தெரியும், கைலாஷ் சீட்டைப் பார்த்து விலகவில்லை, தலைவரே என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டு விலகினான், அவன் காதைத் திறந்து வைத்திருக்கிறான், நான் திறந்துவிட்ட காது. ஏசி அதிகம் இங்கே, புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். இனிமேல் பொய் ஆட்டம் ஆடாதே வேலு, நல்ல சீட்டாக வரட்டும் உனக்கு, ஏஸும் ராஜாவுமாக வரட்டும், ஒன்பதும் நாலும்கூட வரட்டும், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அப்படி வேண்டிக்கொண்டேன், மனதார, அந்த வேண்டுதலுக்குக் கீழேயே இன்னொருத்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், நடக்கட்டும் பார்க்கலாம் என்று, அவள் அவசரப்படவில்லை.

பிறகு அந்த ஆட்டம், மேஜையில் மூன்று ஆட்டின், அந்தச் சிவப்பு இதயச் சீட்டு, விழுந்திருந்தால் கையில் இருக்கிற இரண்டோடு ஐந்தாகி வேலு ஜெயித்திருப்பான், இரண்டுதான் விழுந்தது, கடைசி சீட்டு ஒரு கருப்பு இரண்டு. அவன் கையில் இரண்டும் ஆட்டின்தான் இருக்க வேண்டும் என்று அதுவரை போட்ட விதத்திலேயே எனக்குத் தெரிந்தது, மூன்றாவது வராததால் இப்போது கையில் ஒன்றுமில்லை. விட்டுவிடு. விட்டால் கொஞ்சம் போகும், அவ்வளவுதான், இன்னும் ஆடலாம். வேலு தண்ணீர் குடித்தான். இரண்டு கையாலும் மொத்த சிப்ஸையும் நடுவே தள்ளினான். கைலாஷிடம் கொஞ்சம் அதிகம் இருந்தது, அவன் ஒத்துக்கொண்டு, வேலு தோற்றால் எல்லாம் முடிந்தது. கைலாஷ் நெடுநேரம் மேஜையையே பார்த்தான். அப்புறம் சும்மா கேட்பது போலக் கேட்டான், "என்னண்ணே, ஒரேயடியா அமைதி ஆயிட்டீங்க?" தலைவரே என்று சொல் வேலு. தலைவரே. தலைவரே. மாமா என்று சொல், பாஸ் என்று சொல், பம்ப்செட்டைப் பற்றி எதையாவது சொல். வேலு நாற்காலியில் நிமிர்ந்தான், குரல் மெதுவாக, மரியாதையாக வந்தது. "யோசிச்சு ஆடுங்க கைலாஷ். ஒண்ணும் அவசரம் இல்ல." அந்தக் குரலை நான் ஒரு ஃபோனில் கேட்டிருக்கிறேன். கைலாஷ் தலையைத் தூக்கினான். சீட்டைப் பார்க்கவில்லை, வேலுவைப் பார்க்கவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம், நேராக என்னைப் பார்த்தான், ஒரு நொடி இருக்கும். "கால்" என்றான், பந்தயத்துக்கு ஒத்துக்கொண்டான். அவனிடம் இருந்தது ஒரு சின்ன ஜோடி, எட்டு. வேறு எந்த நாளிலும் அதை வைத்துக்கொண்டு அவன் ஒத்துக்கொண்டிருக்க மாட்டான். மைக்காரன் தொண்டை கிழியக் கத்தினான், பளபளவென்று காகிதத் துண்டுகள் மேலேயிருந்து கொட்டின, அந்தச் சத்தத்துக்கு நடுவே எனக்கு எரிச்சல் நின்றுபோயிருந்தது. நெஞ்சுக்குக் கீழே எரிந்துகொண்டிருந்தது அணைந்து, குளிர்ந்து, லேசாக, வேலையெல்லாம் முடிந்து காலை நீட்டின மாதிரி இருந்தது. ஒரு மூச்சு நேரம். பிறகுதான் அது நிம்மதி என்று எனக்குப் புரிந்தது.

வேலு சிரித்துக்கொண்டுதான் கை கொடுத்தான். இரண்டாம் பரிசுக் கோப்பையை வாங்கிக்கொண்டு நாலு பேரோடு படம் எடுத்துக்கொண்டான், கைலாஷ் அவனைக் கட்டிப் பிடித்துவிட்டு என் பக்கம் வராமலே போய்விட்டான். கரைக்குக் கொண்டுபோகும் சின்னப் படகுக்காக நாங்கள் இருவரும் கப்பலின் கீழ்த்தளத்தில் நின்றோம், வெயில் சாய்ந்து தண்ணீர் முழுக்கச் செம்பு நிறம். "ப்ரேக்ல உன்னைத் தேடுனேன் பூவு" என்றான். "டீ வாங்கி வெச்சிருந்தேன், ஆறிப் போச்சு. அந்த எட்டை வெச்சுக்கிட்டு எப்படிக் கண்டுபிடிச்சான்? ஆனாலும் பரவால்ல விடு. அடுத்த தடவை நீதான் உட்காரப் போற, நான் வெளிய நின்னு விசில் அடிக்கறேன்." தோற்றும் இப்படி இருக்கிறானே என்று மறுபடியும் ஏதோ கிளம்பியது எனக்குள், அதற்கும் பொறாமையா என்று என்மேலேயே அருவருப்பு வந்தது, அந்த அருவருப்பில்தான் வாய் திறந்தது. "நான்தான் சொன்னேன்" என்றேன். "கைலாஷ்கிட்ட. நீ பொய் சொன்னா பேர் சொல்லிக் கூப்பிடுவே. அது அவனுக்குத் தெரியற மாதிரி நான் கேட்டேன். வேணும்னேதான் கேட்டேன்." வேலுவின் சிரிப்பு உடனே போகவில்லை, கேட்ட வார்த்தைகள் ஒவ்வொன்றாக உள்ளே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. ஏன் என்று கேட்பான் என்று காத்திருந்தேன். கத்துவான், அல்லது அட போ பூவு என்பான், இரண்டில் எது வந்தாலும் தாங்கத் தயாராக இருந்தேன். "எப்போ?" என்றான்.

"ப்ரேக்ல."

"அதுக்கு முன்னாடி?"

"இல்ல. அதுக்கு முன்னாடி யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினான், மனதுக்குள் எதையோ முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டிச் சரி பார்க்கிறவன் மாதிரி. "அப்ப அது வரைக்கும் ஜெயிச்சதெல்லாம் நானா ஆடுனதுதான்" என்றான். கோப்பையை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். விளையாட்டாக வந்தவன், சும்மா உட்கார்ந்தவன், கை ராசிக்காரன் என்று இரண்டு நாளாக நான் நினைத்துக்கொண்டிருந்த ஆள் இவன் இல்லை. எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறான், நான் ஆசைப்பட்ட அதே அளவுக்கு, பக்கத்தில் படுத்துக்கொண்டே, எனக்குத் தெரியாமல். படகு வந்து கப்பலின் பக்கத்தில் உரசி நின்றது. படகுக்காரர் கை நீட்டினார், வேலு அந்தக் கையைப் பிடிக்காமல் தானாகவே இறங்கி, முன்பக்க இருக்கையில் உட்கார்ந்து, கோப்பையைத் தனக்குப் பக்கத்து இடத்தில் வைத்தான். வேறு யாரும் அந்தப் படகில் இல்லை. நான் பின்னால் போய் உட்கார்ந்தேன்.